கோட்டுக்கு மேலே ஒரு நெல்லளவு

இதைச் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எழுந்துபோய், தங்கள் குளியலறையில் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எல்லாம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்தது. தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடவும் வழியில்லை.

ஊருக்கு வெளியே, ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தேன். குளியலறைதான் பார்க்கச் சகிக்காது. பாசி நிற டைல்ஸ், அதே நிறத்தில் ஒரு குளியல் தொட்டி, துருவேறிய குழாய்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டிருந்தேன். அம்மா விழுந்ததால் கைவைக்க வேண்டியதாயிற்று.

தனியாக இருந்த வீட்டில், குளிக்கும்போது வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதைவிட என்னை அறுத்தது வேறொன்று. ஒரு குரல் கொடுத்திருந்தால் மாடிவீட்டுக்காரர்கள் ஓடி வந்திருப்பார்கள். அம்மா கொடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய துண்டை எப்படியோ இழுத்துப் போர்த்திக்கொள்ளும்வரை வாயையே திறக்கவில்லை. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

"செத்துப் போயிருந்தா?" என்று ஆஸ்பத்திரியில் கத்தினேன்.

"செத்தாலும் மேல துணியோட சாகணும்டி" என்றாள்.

இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். பாசத்தாலா, பயத்தாலா என்று என்னையே கேட்டுக்கொள்ளும் தைரியம் அப்போது இல்லை. தொட்டியை எடுக்க வேண்டும். வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. அதில் மட்டும் குறியாக இருந்தேன்.

டைல்ஸ் வேலைக்கு வந்தவருக்கு வாய் ஓயாது.

"எருமையே படுக்கலாம்மா இதுல. எந்த மகராசன் வாங்கிப் போட்டானோ!"

தொட்டியைச் சம்மட்டியால் உடைத்து அள்ளினார். அடியில் தரை ஈரமாக இருந்தது. தண்ணீர் இணைப்பை மூடி நாலைந்து நாள் ஆகியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை..." என்றார். அன்று முழுவதும் அவர் வேறு ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

தரையைக் கொத்தி, கசிவுத் தடுப்புப் பூசிக் காய்ந்த பிறகு ஒரு சோதனை. வடிகால் ஓட்டையை அடைத்து, வாசலில் சின்னதாக ஒரு சிமெண்ட் வரப்பு கட்டி, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்துவார்கள். ஒருநாள் அப்படியே நிற்க வேண்டும். சமையலறையிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் தொட்ட இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"மயிரிழை இறங்கலாம். காயும்ல? விரக்கடை இறங்கினா எங்கயோ கசிவு இருக்குன்னு அர்த்தம்."

"ஏறினா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எப்படிம்மா ஏறும்? குழாய்க்கெல்லாம் மூடி போட்டாச்சு. நீங்க கதவப் பூட்டி வைங்க. பெரியம்மா கால வெச்சிடப் போறாங்க."

பூட்டினேன். சாவியைக் கைப்பையில் போட்டேன்.

அம்மாவின் கட்டில் இருந்தது குளியலறைக்கு அடுத்த அறையில். இடையில் ஒரு சுவர். நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோனபோது கேட்டாள்.

"உள்ள யாருடி குளிக்கிறது?"

"யாருமில்லம்மா. தண்ணி கட்டி வெச்சிருக்கு."

"அளையிற சத்தம் கேக்குதே."

சுவரில் காது வைத்தேன். ஒன்றுமில்லை. விலகப் போனேன்.

க்ளக்...

கை ஒன்று தண்ணீருக்குள் மெல்லப் புரளும் சத்தம்.

கதவைத் திறந்தேன். உள்ளே யாருமில்லை. தண்ணீர் மட்டும் சுவரோரம் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. அசைந்துகொண்டிருந்த யாரோ என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டதுபோல. குனிந்து கோட்டைத் தேடினேன். கோடு தண்ணீருக்குள் இருந்தது.

தண்ணீர் அதற்கு மேலே ஒரு நெல்லளவு ஏறியிருந்தது.

சரியாகப் பார்க்கவில்லை, கோடு கோணலாக இழுத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பூட்டினேன். ஒரு பாத்திரத்தில் காயைப் போட்டால் தண்ணீர் ஏறும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த நினைப்பை முழுதாக நினைத்து முடிக்க மனம் இடம் கொடுக்கவில்லை.

ஐந்தரைக்கு அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"அவளுக்கு ஒரு துண்டு எடுத்துக் குடு."

"எவளுக்கு?"

"எத்தன தடவ கேப்பா, பாவம். துண்டில்லாம எப்படி எழுந்து வருவா? நீயா இருந்தா வருவியா?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வலி மாத்திரை செய்யும் வேலை என்று நினைத்தேன். "சும்மா படும்மா" என்று அதட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த மாத்திரையும் தீர்ந்திருந்தது. தெருமுனைக் கடைக்கு ஓடினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

திரும்பியபோது வீடு இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டிலில் அம்மா இல்லை.

அவள் பிடித்து நடக்கும் வாக்கர் கட்டிலை ஒட்டி அப்படியே நின்றது. அதில்லாமல் அவளால் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

குளியலறைக் கதவு திறந்திருந்தது.

சாவி... என் கைப்பையில்தான் இருந்தது.

அம்மா தண்ணீருக்கு நடுவில் நின்றாள். எதையும் பிடிக்கவில்லை. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. இடது முழங்கை மட்டும் உடம்பைவிட்டுச் சற்று விலகி, உயர்ந்து நின்றது.

யாரோ தாங்கியிருப்பதுபோல.

கூப்பிடப் பயம். திடுக்கிட்டு வழுக்கினால்?

"அம்மா..."

"வரேன். கத்தாத."

வந்தாள். ஒவ்வொரு அடியாக. முழங்கை இறங்கவேயில்லை. வரப்பைத் தாண்டியதும் அவளை அள்ளிப் பிடித்தேன். இடது கை ஜில்லென்று நனைந்திருந்தது. புடவை கணுக்காலுக்கு மேல் துளி நனையவில்லை.

"எதுக்கும்மா போன?"

"அவ துண்டு கேட்டாள்ல. நீ குடுக்கல. நான் குடுத்துட்டேன்."

துண்டு அவள் கையில் இல்லை. திரும்பி உள்ளே பார்த்தேன். தண்ணீரிலும் இல்லை.

அம்மா வெளியே வந்துவிட்டாள்.

தண்ணீர் இன்னும் கோட்டுக்கு மேலேதான் நின்றது.

அவளைப் படுக்கவைத்துவிட்டு நடையில் விளக்கைப் போட்டேன். ஈரத் தடங்கள். அம்மாவுடையவை, கட்டில்வரை. நான் தண்ணீரில் இறங்கவேயில்லை. ஆனால் அம்மாவின் தடங்களுக்கு இடப்பக்கம், அவற்றோடு ஒட்டி, இன்னொரு ஜோடி... கட்டில்வரை.

திரும்பிப் போன தடம் இல்லை.

விடியும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையில் டைல்ஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் அச்சுக் குத்தினாற்போலக் கோட்டில் நின்றது. "கசிவே இல்லம்மா!" என்று சந்தோஷப்பட்டார். நடந்ததை அவரிடம் மறைத்துவிட்டேன். வேலை பாதியில் நின்றுவிடும் என்ற பயம்.

வேலை முடிந்த பிறகு, அம்மாவைப் பார்க்கப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்தார். அந்தத் தெருவிலேயே பழைய ஆள். புதுக் குளியலறையைக் காட்டினேன். வாசலோடு நின்றுவிட்டார். கண் அங்கிருந்த சின்ன ஜன்னலில் நிலைத்திருந்தது.

"தொட்டிய எடுத்துட்டீங்களா... நல்லது."

"ஏன் டீச்சர்?"

ஜன்னலைக் காட்டிச் சொன்னார்.

"முன்ன இங்க ஒரு பொண்ணு இருந்தா. எங்க துணிக்கொடி இந்த ஜன்னலுக்கு நேரா. ஒரு நாள் துணி காயப்போடும்போது அவ குரல் கேட்டுச்சு. 'ஏங்க, ஒரு துண்டு குடுங்களேன்'னு. புருஷன்கிட்ட கேக்குறான்னு நெனச்சேன். அவர் வெளியூர் போயிருந்தது எனக்குத் தெரியாது. அவ தொட்டியில விழுந்து முதுகெலும்பு போயிடுச்சும்மா. அசைய முடியல."

"காப்பாத்துங்கன்னு கத்தியிருக்கலாமே?"

"ஒட்டுத்துணி இல்லாம கெடக்கா. யாராவது வந்து பாத்துட்டா? அதான் மொதல்ல துண்டு கேட்டிருக்கா."

டீச்சரம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மறுநாளும் கேட்டா. கொரல் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. 'இந்த வீட்டு ஆம்பளைக்குத் துண்டு குடுக்கறதத் தவிர வேற வேலையே இல்ல போல'ன்னு சிரிச்சுக்கிட்டே வாளியத் தூக்கிட்டு வந்துட்டேன்."

அதற்கடுத்த நாள் கேட்கவில்லையாம்.

இப்போது அம்மா குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. நான் வெளியே நிற்கிறேன். உள்ளே கம்பியில் இரண்டு துண்டுகள் மடித்துப் போடுகிறேன். ஒன்றால் அம்மா துவட்டிக்கொண்டு வருகிறாள். இன்னொன்றை அவள் தொடுவதேயில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.