கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸும் இரண்டு இடக்கைகளும்

மயிலம்மா அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தையல் அளவெடுக்கும் டேப்பில் அரை இஞ்சி, கால் இஞ்சிக் கோடுகள் அவளுக்குப் பிடிபடவில்லை. அதை வெளியில் சொல்ல வெட்கம். ஒரு சனிக்கிழமை தையல் வகுப்புக்குப் போய்ப் பார்த்தால், வகுப்பு அலுமாரியில் இருந்த பதினொரு டேப்பிலும் அரை இஞ்சிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. யாருக்காக வைத்ததென்று கொன்ஸ்ரன்ஸ் மிஸ் வாய் திறக்கவில்லை. மயிலம்மாவுக்கு மட்டும் விளங்கியது.

கொழும்பு கொட்டாஞ்சேனை மாதர் சங்க மண்டபத்தில் மிஸ் தையல் படிப்பித்தார். தங்கமான மனுசி. ஆனால் வெட்டிக் காட்டும் நேரம் வந்தால் பொறுமை போய்விடும். அதில் நியாயமும் இருந்தது.

பதினொரு பேரும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். பாதிப் பேர் போனில் வீடியோ எடுப்பார்கள்.

"விளங்குதா?"

"ஓம் மிஸ்."

அடுத்த சனி, ஆளுக்கொரு சாரி ஜக்கெட் வெட்டிக்கொண்டு வருவார்கள். பூப்போட்ட துணியை மடிக்காமல் வெட்டியதில் ஜக்கெட்டின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்குத்தான் வரும்.

"ரெண்டும் இடக்கை. வலக்கைய எந்தக் கடையில வாங்கப் போறீங்க, சுபாஷினி?"

"வீடியோவில வடிவா இருந்தது மிஸ்."

"அப்ப பரீட்சைக்கு போனையே அனுப்புவம்."

சங்கத்து நிர்வாகி ஹெக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தமுறை தையல் பரீட்சையில் பாதிப் பேராவது பாஸ் பண்ணாவிட்டால் தையல் வகுப்பு இல்லை, மண்டபம் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகும்.

மறுகிழமை மிஸ் தன்னுடைய துணியையே மேசையில் விரித்தார். நத்தார்ப் பண்டிகைக்கு ஜக்கெட் தைக்க வாங்கியது. மடிக்கவில்லை. கையின் அளவுக்கு வெட்டிய கடதாசியை வைத்து ஒரு கை வெட்டினார். அதே கடதாசியைத் திருப்பாமல் தள்ளி வைத்தார். மயிலம்மாவுக்குப் பிழையென்று தெரிகிறது. ஆனால் படிப்பிக்கிறவரைத் தடுத்துப் பேசினால் பாவமல்லவா? பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். கத்தரிக்கோல் ஓடி முடிந்தது.

மிஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"ஒருத்தருக்கும் கண் இல்லையா?"

"நான் கண்டனான் மிஸ்," என்றாள் சுபாஷினி. "நீங்கள் ஏதோ புது மொடல் வெட்டுறீங்கள் எண்டு நினைச்சன்."

ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒன்பது பேர் கண்டிருந்தார்கள். ஒன்பது பேரும் மரியாதைக்காகச் சும்மா நின்றிருந்தார்கள். மிஸ் கதிரையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட துணி போச்சு. இனி நான் பிழை விடுவன். எங்க எண்டு சொல்லமாட்டன். நீங்க நிப்பாட்டோணும்."

அடுத்த வகுப்பில் மயிலம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "நில்லுங்க மிஸ்." அவர் சரியாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். "சரி, ஏன் நிப்பாட்டினீங்க? சொல்லுங்க," என்றார். அன்றைக்குப் பிறகு வாய்கள் அடங்கவில்லை. நாலு இஞ்சி வெட்டுவதற்குள் எட்டு 'நில்லுங்க'. ஆனால் கேள்வி கேட்கத் தூக்கிய கை வீடியோ எடுக்காது. போன்கள் பைக்குள் போயின.

கடவுள் புண்ணியத்தில் எட்டுப் பேர் பாஸ். மயிலம்மாவும் ஒருத்தி. வகுப்பு தப்பியது. மிஸ்ஸுக்குத்தான் முழங்கால் வருத்தம் கூடிவிட்டது. நீர்கொழும்பில் தங்கச்சி வீட்டோடு போய்விட முடிவெடுத்தார். சாமான்களை ஓட்டோவில் ஏற்றிக் கொடுத்த மயிலம்மா, "எட்டுப் பேர் மிஸ், உங்கட புண்ணியம்," என்று கண்கலங்கினாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எட்டுப் பேர விடுங்க மயிலம்மா. மற்ற மூண்டு பேருக்கும் வெட்டத் தெரியும். பரீட்சையில விளங்காத இடத்தில பரீட்சகர்ட்ட ஒரு கேள்வி கேக்கத்தான் பயந்தாங்க. புது டீச்சர் வந்தா, அந்த மூண்டு பேரையும் முன்னுக்கு நிக்க வைங்க."