பூட்டிய வீட்டுக்கு வந்த தபால்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் இதைச் சபையாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோவில்பதாகையில் எங்கள் வீடு. நாங்கள் மாடியில். கீழ்வீட்டில் கார் ஓட்டும் சேகர் குடும்பத்தோடு குடியிருந்தான். என் மனைவி மேரிக்கு முட்டியில் ஆபரேஷன். இனி மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். சேகரைக் காலி செய்யச் சொன்னேன். ஆனி கடைசியில் போய்விட்டான். ஆனால் பாதிச் சாமான் உள்ளே. கதவில் அவன் பூட்டு. போன் அணைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மேரி ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை சுத்தியலை எடுத்தேன். பக்கத்து வீட்டு முருகன் கையைப் பிடித்தார்.

"இன்னா நைனா பண்ற? பூட்ட ஒடச்சா, உள்ள நகை இருந்துச்சின்னு உம்மேல கேசு குடுப்பான். மேரிக்கா ஊட்டுக்கு வரும், நீ உள்ள போயிடுவ."

வக்கீலும் அதையே சொன்னார். ஆள் போனாலும், சாவி தராமல் சாமானையும் வைத்திருந்தால் வீடு அவன் கையில்தான். நோட்டீஸ், பிறகு கோர்ட். வெள்ளிக்குள் நடக்காது.

மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, கதவைத் திறந்து தாரும்." வேறு வார்த்தை வரவில்லை.

புதன்கிழமை தபால்காரர் வந்தார். சேகருக்கு லைசென்ஸ். உறைமேல் எனக்குத் தெரியாத ஒரு நம்பர். தபால்காரர் அந்த நம்பருக்குப் போன் அடித்தார். சேகர் எடுத்தான். போனை என்னிடம் நீட்டினார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "தம்பி, உன் லைசென்ஸ் வந்துகீது. திருப்பி அனுப்பிடப் போறாரு, சீக்கிரம் வா" என்றுதான் வந்தது. எப்படி என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் வந்து தலை குனிந்து நின்றான்.

"ஆடி பொறந்துடுச்சி அண்ணாத்தே. ஆடில புது ஊட்டுக்குச் சாமான் ஏத்தக் கூடாதுன்னு அம்மா ஒரே புடி. சொன்னா கத்துவீங்கன்னு போன ஆஃப் பண்ணிட்டேன்."

நாங்கள் ஆடி பார்ப்பதில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

நாங்கள் கீழே வந்தால் மாடி காலிதானே? "ஆவணி வரைக்கும் மேல வச்சிக்கோ" என்றேன். முருகனும் சேர்ந்து தூக்கினார். "பீரோ வாசல்ல நுழையல நைனா, உன் சுத்தியல எடுத்துகினு வரவா?" என்று கேலி வேறு. சாவி வாங்கியதையும் மேலே வைத்த சாமான்களையும் வக்கீல் சொன்னபடி ஒரு தாளில் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். முருகன் சாட்சி.

வெள்ளிக்கிழமை மேரி வாக்கர் பிடித்து வந்தாள். மாடிப்படிப் பக்கமே போகவில்லை. நேராக உள்ளே போனாள்.

நான் கதவைக் கேட்டேன். அவர் தபால்காரரை அனுப்பினார். திங்கட்கிழமை பூட்டை உடைத்திருந்தால் சேகர் என்னிடம் வந்திருக்க மாட்டான், ஸ்டேஷனுக்குப் போயிருப்பான்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால் முதலில் படியில் உட்காருகிறேன். உங்களுக்கும் திறக்காத கதவு இருக்கும். கேளுங்கள். கேட்டுவிட்டு, புதன்கிழமை வரை பொறுத்திருங்கள்.