அந்தத் தொண்ணூற்றைந்து பேர்

போன வருடம் ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். கரிவலம்வந்தநல்லூரில் என் அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகளெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். நான் சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். மறுநாள் வகுப்பு இருந்தும், மதினியைத் தனியே விட்டுவர மனமில்லாமல் தங்கிவிட்டேன்.

அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் புது ஊசி போட்டார்கள். போடும்போதெல்லாம் வாய் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினார். மதினிதான் விடவில்லை. கடைசியில் அங்கேயே உயிர் போய்விட்டது.

பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மதினி திடீரென்று சொன்னார்: "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு பொழச்சிருக்காவ. ஒங்க அண்ணனத்தான் நான் சரியாப் பாக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. துபாயில் இருக்கும் அவர் தம்பி, அந்த மருந்தைப் பற்றிய ஆய்வை நெட்டில் தேடிப் படித்திருக்கிறான். அதில் பி-மதிப்பு என்ற புள்ளியியல் எண் 0.05-க்கும் குறைவு என்று போட்டிருந்ததைப் பார்த்து, நூறில் ஐந்து போக மீதித் தொண்ணூற்றைந்து சதவீதம் குணமாகிவிடும் என்று அக்காவுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறான்.

மதினியின் போனில் இருந்த கட்டுரையைத் திறந்து படித்தேன். மருந்து எடுத்தவர்கள் சராசரியாகச் சில வாரங்கள் கூடுதலாக உயிரோடு இருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

"அந்த நம்பருக்கு அர்த்தம் அது இல்ல, மதினி. மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்லன்னே வச்சிக்கிடுங்க. அப்பவும் இவ்வளவு வித்தியாசமோ இதுக்கு மேலயோ தற்செயலா வர்றதுக்கு, நூத்துல அஞ்சு வாய்ப்புகூடக் கிடையாதுன்னுதான் சொல்லுது. எத்தனை பேரு பொழச்சாவன்னு அது சொல்லவே இல்ல."

"அப்போ அந்தத் தொண்ணூத்தஞ்சு பேரு?"

"அப்படி யாருமே இல்ல, மதினி. நீங்க பாத்ததுல ஒரு குறையும் இல்ல."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போணும்னு அழுதாவ. இந்தத் தொண்ணூத்தஞ்சச் சொல்லித்தான பொறுங்க பொறுங்கன்னு அங்கனயே கெடத்துனேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்றும் வகுப்பில் பிள்ளைகள் 0.05-ஐப் பார்த்ததும் விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும்போது, அந்த எண்ணை நம்பி ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பொறுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்து, அடுத்த கணக்கைத் தொட எனக்குக் கை வருவதில்லை.