கொலர் முனை

சண்டை முடிந்து வன்னியில் எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை வந்ததை, கனடாவில், மொன்றியலில் கேசரி கிண்டிக் கொண்டாடிய வீடு எங்களுடையது. முகாமிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய சின்னம்மாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. இனி ஊர் முன்னேறிவிடும் என்று அப்பா போனில் எல்லோருக்கும் சொன்னார்.

அந்த வேலை கிடைக்கக் காரணமே அம்மாதான். நாங்கள் இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு தையல் தொழிற்சாலையில் பல வருடமாகச் சட்டைக் கொலர் தைத்தவள் அவள். சின்னம்மாவைத் தைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு பழைய சட்டையைப் பிரித்து மேசையில் போட்டுக்கொண்டு போனில் பாடம் நடத்தினாள். அந்தப் பக்கம் ஒன்றும் தெரியப்போவதில்லை என்றாலும், கையால் செய்யாமல் அம்மாவுக்குச் சொல்ல வராது. அதனால் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனக்குக் கை உளைந்ததுதான் பெரிய கவலை.

"கத்திரிக்கோலால குத்தி முனையை எடுக்காதை பிள்ளை, துணி பிஞ்சிடும். முனையில நூலைக் குடுத்துத் தை. பேந்து புரட்டிப்போட்டு நூலைப் பிடிச்சு மெல்ல இழு" என்றாள்.

சின்னம்மாவுக்கு வேலை கிடைத்ததும் கிண்டிய கேசரியை அம்மா தன் வேலைக்கும் கொண்டுபோனாள். கூடத் தைத்த பெண்கள் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லித் தின்றார்களாம். அடுத்த கோடையில் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். தையலெல்லாம் கூலி குறைந்த நாடுகளுக்குப் போகிறது என்றாராம் மேற்பார்வையாளர். அம்மா தன் கத்திரிக்கோலையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, பகலிலேயே படுத்துவிட்டாள். பிறகு ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போனாள். இடுப்பு வலி அங்கேதான் தொடங்கியது. இன்று அந்தக் கட்டடத்தில் கணினி நிறுவனங்கள் இருக்கின்றன. அதையும் முன்னேற்றம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

தொழிற்சாலை மூடிய அந்தக் கோடை முடிந்து பள்ளி தொடங்குமுன் எனக்கு வெள்ளைச் சட்டை வாங்கப் போனோம். கழுத்துக்குள் ஸ்ரீலங்கா என்று எழுதியிருந்தது. அது சின்னம்மா தைத்தது என்று கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன், அவ்வளவு பெருமை. அம்மா கொலரைப் புரட்டி, முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"ஓம், வடிவாத்தான் தைச்சிருக்கினம்" என்றாள். அதையே வாங்கித் தந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா போன் எடுத்தபோதும் நான் பக்கத்தில் நின்றேன். தன் தொழிற்சாலையில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அக்காவின் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"எனக்கென்ன, அதே கொலர்தான்" என்றாள் அம்மா.

அம்மா பொய் சொல்லி நான் பிடித்த முதல் தடவை அது. அந்தக் கிழமை ஏழு நாளும் அவளோடு கதைக்காமல் இருந்தேன்.