ஏரியடியில் ஒரு ஸ்டம்பு

மதுராந்தகத்துக்குப் பக்கத்து ஏரி ஒன்றில் மிதக்கும் சோலார் தகடுகள் போட மதிப்பீடு தயாரித்தவன் நான். தகடுகளின் விலையைவிட என்னைப் பயமுறுத்தியது, அவை காற்றில் நகராமல் இருக்க ஏரியடியில் கான்கிரீட் கட்டைகளை இறக்கும் செலவு. அதற்காக மாமல்லபுரத்திலிருந்து, கடலில் முங்கும் ஒருவரை வரவழைத்தோம்.

இறுகிய கறுத்த உடம்பு, உப்பில் வெளுத்த புருவம். ஒவ்வொரு முறை முங்குவதற்கு முன்னும் ஒரு வாய் தண்ணீரைச் சுவைத்துத் துப்புவார். மூன்றாம் முறை படகருகே எழும்பியவரின் கையில், சேறு அப்பிய கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்று இருந்தது.

"மூணும் நட்டது நட்ட மேனிக்கு நின்னுகினு இருந்துச்சு சார், ஒண்ணப் புடுங்கினு வந்தேன். கோடையில பசங்க இங்கதான் ஆடுறானுங்க. தண்ணி வத்துனதும் நடந்து வந்து கட்டைய வெச்சிட்டுப் போங்க. நான் எதுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்கில் கணக்குப் போட்ட எங்களில் ஒருவர்கூட சித்திரையில் இந்த ஏரியை எட்டிப் பார்க்கவில்லை. மிதக்கும் தகடுகள் கோடையில் தரையில் கிடக்கும் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

"அப்போ உங்க வேலை போயிடுமேங்க?"

"போவட்டும் சார். இன்னிக்குக் கூலிய மட்டும் குடுத்துடுங்க."

பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, மறுபடி ஒரு வாய் தண்ணீரைச் சுவைத்துத் துப்பினார்.

"இருங்க, இத்த நட்டுட்டு வந்துடறேன். பசங்க தேடுவானுங்க."

கட்டைகளை இறக்க வந்த மனிதர், அன்று அந்த ஏரியடியில் வைத்துவிட்டுப் போனது அந்த ஸ்டம்பை மட்டும்தான்.