கேள்வி கேட்டதே சிகிச்சை

அக்கா நிவாரண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய்க் குந்தியும் தலை நிமிரவில்லை. சுனாமிக் கடல் அடித்து எட்டாவது மாதம், அமிர்தகழிப் பக்கத்து முகாம். நான் அக்கா என்று கூப்பிட்ட அவர், இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். ஒரு மனநல ஆய்வுக்காகக் கிழமைக்கு ஒருமுறை அவரிடம் இருபது கேள்வி கேட்டு, ஆம், இல்லை என்று அடையாளமிடுவது என் வேலை. நித்திரை குழம்புகிறதா, சாகவேண்டும் போலிருக்கிறதா என்று அந்தத் தாயிடம் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

முதல் கிழமைகளில் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் சொன்னார். முடிவில், "டொக்டர் எப்ப புள்ள வருவார்?" என்று கேட்பார். ஆய்வுக்குப் பொறுப்பான சேர் சொல்லித் தந்தபடி, "அடுத்த கிழமை அக்கா" என்பேன். டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லை, கேள்வி மட்டும்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். கூசாமல் பொய் சொன்னேன்.

அன்று ஒரு கல்லை எடுத்தெறிந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் இல்லெண்டு போடு. ஓமெண்டு சொல்லச் சொல்லத்தானே நீ திரும்பத் திரும்ப வாறாய். இனி இஞ்ச வராத, புள்ள."

இருபது 'இல்லை' போட்டேன். மற்றக் கொட்டில்களிலும் அதே கதைதான்.

சேருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆய்வு வெளியாகி, வெளிநாட்டு மருத்துவ ஆய்வுகளெல்லாம் சேர்த்துவைக்கும் தரவுத்தளத்தில் ஏறியது. அங்கே அதைச் 'சிகிச்சை' என்ற வகையில் போட்டிருந்தார்கள். நான் கேள்வி கேட்டது சிகிச்சையாம், அக்கா அதில் குணமானவராம். இன்று தேடினாலும் அங்கேதான் கிடக்கிறது. சேரிடம் சொன்னேன். "வகை பிழைதான் தங்கச்சி. நாங்களா போட்டனாங்க? நல்லாத்தானே கிடக்கு, விடு" என்றார். எனக்கு வேலை வேண்டும். விட்டேன்.

போரின் கடைசிக் காலத்தில் படுவான்கரைச் சனம் ஷெல்லடிக்குத் தப்பி வாவியைக் கடந்து வந்தது. புது முகாமில் ஒரு தகப்பன் இருந்தார். சிதறிய மகனைச் சாக்கில் பொறுக்கியெடுத்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. மனநல டொக்டர் ஒருவரை அனுப்பச் சொல்லி முகாம் மக்கள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். சேர் தரவுத்தளத்தைத் திறந்து காட்டினார். நிரூபணமான சிகிச்சை எங்களிடமே இருக்கிறது, டொக்டர் தேவையில்லை என்று பதில் போனது. புளியந்தீவு அலுவலகத்தில் இருந்து அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

அடுத்த நாளே கேள்வித்தாளோடு அந்தத் தகப்பன் முன்னால் போய்க் குந்தினேன். இருபதையும் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாதவர்களுக்கு 'இல்லை' என்று போடச் சொல்லியிருந்தார் சேர்.

போட்டேன்.