எஸ்தரின் கம்பளி காயும் வாசல்

போன மாசியில் கொல்லிமலைக்குப் போய் வந்தேன். மலை பார்க்கும் ஆசையில் போகவில்லை. அங்கே மிஷன் மருந்துச்சாலையில் நர்சாக இருந்த என் மகள் எஸ்தர் ஐப்பசி மழையில் குளிர்காய்ச்சல் கண்டு இறந்தாள். சேலத்தில் எனக்குச் செய்தி எட்டுவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அவள் கல்லறையைப் பார்க்கவும், அவள் சாமான்களைக் கொண்டுவரவும் போனேன். போகிற மற்றவர்களாவது அவதிப்படாமல் இருக்கட்டும் என்று வழியையும் எழுதுகிறேன்.

சேலத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ், பன்னிரண்டணா. சேந்தமங்கலம் சேரப் பத்தரை ஆகிவிடும். அங்கிருந்து காரவள்ளி அடிவாரத்துக்கு மாட்டு வண்டி, எட்டணா. அதற்கு மேல் ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். டோலியில் தூக்கிப் போவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு அந்த வீம்போ, நடந்தேன். மலைமேல் சோளக்காடு என்ற ஊர் போய்ச் சேர ஐந்து மணி நேரம், முழங்கால் இரண்டும் விட்டுப்போயின.

மூட்டை தூக்கி வந்த மலைக்காரர் பாதி ஏற்றத்தில் நின்றார். "ஏனுங்க, நீங்க நர்சம்மாவோட அப்பாங்களா? எம்பட புள்ள பொழச்சதே அவங்களாலதானுங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் உங்கள் பிள்ளை பிழைத்தது, என் பிள்ளை போய்விட்டதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரை முந்திக்கொண்டு ஏறினேன்.

மறுநாள் காலை வளப்பூர் நாட்டுப் பக்கம் மூன்று மைல். எஸ்தர் தங்கியிருந்தது பொன்னம்மா வீட்டில். கணவனை இழந்தவள். அந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றவள் அவள் ஒருத்திதான். எஸ்தரின் டிரங்குப் பெட்டியை எடுத்துவந்து என் முன் வைத்தாள். வாசல் பாறையில் எஸ்தரின் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. அதையும் மடித்துக் கொடுக்கச் சொன்னேன்.

"அது இங்கயே இருக்கட்டுங்க. அவங்க எந்திரிச்சு வாரப்ப குளுருமில்லீங்க?"

பனியில் பூசணம் பிடிக்காமலிருக்க, தினமும் காலையில் அதை வெயிலில் போடுகிறாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவன் அல்லவா, மரித்தோர் எழும் கடைசி நாள், எக்காளம், மகிமையின் சரீரம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். குளிரே இருக்காது என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த நாளு எப்பங்க வரும்?"

"அது யாருக்கும் தெரியாதம்மா."

"அப்ப நாளைக்கே வந்தாலும் வருமில்லீங்க?"

எத்தனையோ கல்லறைத் தோட்டங்களில் மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன். எஸ்தர் நாளைக் காலை எழுந்து வருவாள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருந்தது, அழுதேன்.

பலாமரத்தடியில் கல் அடுக்கிய மேடு, அதுதான் அவள் கல்லறை. அங்கே எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் பொன்னம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது நானே கம்பளியை எடுத்துப் பாறையில் விரித்தேன். விரித்துவிட்டுப் பலாமரத்துப் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிதான் இருந்தது. குடத்தோடு திரும்பிய பொன்னம்மா, "நெழல்ல போட்டுட்டீங்களே சாமி" என்று அதை இழுத்து வெயிலில் போட்டாள். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

துக்கம் குறைந்ததா என்றால், இல்லை. முன்பெல்லாம் விடிந்தாலே பயமாக இருக்கும். இப்போது எழுந்ததும் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

போகிறவர்கள் தை முதல் பங்குனிக்குள் போங்கள். குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையும் கொசுவலையும் இல்லாமல் ஏறாதீர்கள். பொன்னம்மா தங்க இடம் தருவாள், குளிருக்குத் தன் போர்வையையே கொடுப்பாள். வாசலில் காய்கிற கம்பளியை மட்டும் எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். அதற்கு உரியவள் இன்னும் வரவில்லை.